பிடித்துக்கொண்ட எஞ்சின்: ஒரு வாசிப்பின் வரலாறு

'வண்டி சீஸ் ஆயிடுச்சு' என்பதில் என்ன வரலாறு இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். வண்டியின் சொந்தக்காரர் சொல்லும்போது அதில் வரலாறு இல்லைதான். கிக்கர் இறங்கவில்லை, வண்டி நின்றுவிட்டது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. அதே வாக்கியத்தை எஞ்சினைப் பிரித்துப் பார்த்த பிறகு மெக்கானிக் சொல்லும்போது அதற்குள் ஒரு காலவரிசை வந்துவிடுகிறது. முதலில் எது நின்றது, அதனால் எது காய்ந்தது, காய்ந்தது எதைக் கவ்வியது, எத்தனை நாளாக இது உள்ளே நடந்துகொண்டிருந்தது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த இரண்டு 'சீஸு'க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்கிற அறிவு யாருடையது, அது எப்படி உண்டாயிற்று, அதை ஏன் நாம் அறிவு என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பவை அரசியல் கேள்விகள்.

தொழிலாளர் வரலாறு என்று நம்மிடையே எழுதப்பட்டவை பெரும்பாலும் ஆலையின், சங்கத்தின், வேலைநிறுத்தத்தின் வரலாறுகள். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதிலிருந்து அந்தக் கதையாடல் தொடங்கும். அது தேவையான வரலாறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கூரை, கறுத்துப்போன ஒரு பெஞ்சு, மூன்று ஆள் என்று இயங்குகிற மெக்கானிக் கடைக்கு அதில் இடமில்லை. அங்கே சங்கம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, ஆவணக் காப்பகத்தில் வைக்கத்தக்க ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. எழுதப்படாததால் நடக்கவில்லை என்று ஆகிவிட்டது.

இந்த அறிவைப் பார்ப்பதற்குப் புல்லட்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ராயல் என்ஃபீல்ட் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி. 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்பது அதன் விளம்பர வாசகம். துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் செய்துகொடுத்த மரபிலிருந்து வந்த பெருமை அது. 1950களின் முதல் பாதியில் இந்திய ராணுவம் 800 புல்லட்டுகள் கேட்டது. எல்லைக் காவலுக்குத் தோதான வண்டி என்று அரசு முடிவுசெய்திருந்தது. 1955இல் சென்னையில் 'என்ஃபீல்ட் இந்தியா' தொடங்கப்பட்டது. முதலில் ரெட்டிச்சிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957இல் அச்சுகளும் கருவிகளும் இங்கே விற்கப்பட்டன. 1962 வாக்கில் வண்டி முழுவதும் இங்கேயே செய்யப்பட்டது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தாய்க் கம்பெனி ரெட்டிச் ஆலையை 1967இல் மூடியது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோயிற்று. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில், ஏறத்தாழ அதே உடம்போடு, அடுத்த 40 வருஷம் பிறந்துகொண்டே இருந்தது. அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் முற்றாக விடைபெற்றது 2010ஐ ஒட்டித்தான்.

இதைத் தொழில்நுட்பத் தேக்கம் என்று பொருளாதாரவாதிகள் சொல்வார்கள். லைசென்ஸ் ராஜ்யத்தின் சோம்பேறித்தனம் என்றும் சொல்வார்கள். ஆலையின் வாசலில் நின்று பார்த்தால் அது சரி. தெருவோரக் கடையில் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஐம்பது வருஷம் மாறாத ஒரு எஞ்சின் என்பது ஐம்பது வருஷம் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்ட ஒரு பிரதி. அப்பா பிரித்ததையே மகன் பிரிக்கிறான், மாஸ்டர் பார்த்த தழும்பையே சிஷ்யன் பார்க்கிறான். வேறெந்த இயந்திரத்துக்கும் இங்கே இப்படியொரு வாசகர் கூட்டம் அமைந்ததில்லை. அந்த வாசகர்களுக்கு ஆங்கிலக் கையேடு வேண்டியிருக்கவில்லை. கம்பெனி வைத்திருந்த சர்வீஸ் நிலையங்கள் எல்லா ஊருக்கும் எட்டவும் இல்லை.

சரி, அந்த வாசிப்பு எப்படி நடக்கிறது? கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். நம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் 'உழைப்பின் அறிவு' என்று ஒரே சொல்லில் கடந்துபோகிற பழக்கம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கிக்கர் இறங்கவில்லை என்றவுடன் எஞ்சின் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டுவது சொந்தக்காரரின் வேலை. மெக்கானிக் முதலில் செய்வது சந்தேகப்படுவது. புல்லட்டில் அமுக்கம் ஏறிய நிலையில் பிஸ்டன் நின்றிருந்தால் மெலிந்த ஆள் ஏறி நின்றாலும் கிக்கர் அசையாது. டீகம்ப்ரசர் லிவரைப் பிடித்து அந்தக் காற்றை வெளியே விட்டால் இறங்கிவிடும். புதிதாக வண்டி வாங்கியவர் பாதிப் பேர் 'ஜாம்' என்று தள்ளிக்கொண்டு வருவது இதற்குத்தான். அதுவும் இல்லையென்றால், நியூட்ரலில் போட்டு உருட்டு. உருள்கிறதா? டாப் கியரில் போட்டுத் தள்ளு. செயினில் இருக்கிற தொய்வு அளவுக்கு அசைந்து, பிறகு பின்சக்கரம் தரையைத் தேய்க்கிறதா? அப்படியானால் கிக்கர் பல்லின் மேல் பழியில்லை. ஆனாலும் எஞ்சின்தான் என்று சொல்லிவிட முடியாது. கியர் பாக்ஸும் இருக்கிறது, இடது பக்கம் எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கிற பிரைமரி செயினும் இருக்கிறது. செயின் அறுந்து பல்சக்கரத்துக்கும் கேஸுக்கும் நடுவே சுருண்டுகொண்டாலும் வெளியே தெரிகிற அறிகுறி இதேதான். பழைய புல்லட்டில் அந்த மூடியை ஒரே ஒரு நட்டு பிடித்திருக்கும். கழற்றிப் பார்க்க ஐந்து நிமிஷம். அதைப் பார்க்காமல் ஹெட்டில் கை வைக்கிறவனை மாஸ்டர் ஏசுவார்: 'எடுத்தவுடனே வயித்தைக் கிழிக்காதடா.'

அடுத்து பிளக். பிளக்கைக் கழற்றியவுடன் எஞ்சின் சுற்றிவிட்டால் உள்ளே ஏதோ திரவம் நிரம்பியிருந்தது என்று பொருள். பெட்ரோலோ, எண்ணெயோ, மழைத் தண்ணீரோ இருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பள்ளிப் பாடம்தான். சுற்றவில்லை என்றால் பிளக்கின் முனையைப் பார்க்க வேண்டும். அதில் வெள்ளி மணல் தூவியதுபோல் அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகித் தேய்ந்திருக்கிறது. பிளக் துளை வழியாக ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை மெல்ல இறக்கினால் பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கை சொல்லும். நீண்ட நாள் நின்ற வண்டி என்றால் துரு. வால்வு திறந்த நிலையில் நின்றுபோன எஞ்சினுக்குள் ஈரக்காற்று போய், ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து துளை வழியாக ஊற்றி, இரண்டு மூன்று நாள் விட்டுவிட வேண்டும். பிறகு டாப் கியரில் வைத்துச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கிக்கரின் மேல் குதித்தால் ரிங்கு உடையும், கிக்கர் பல்லு போகும். பொறுமை என்பது இங்கே ஒழுக்கம் சார்ந்த சொல்லே கிடையாது. அது ஒரு கருவி, ஸ்பேனர் மாதிரி.

ஓடும்போது நின்ற வண்டி வேறு. ஆறவைத்தால் தானாகவே விட்டுக்கொள்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விட்டுக்கொண்டால் சூட்டில் பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்திருக்கிறது. 70 மி.மீ. குறுக்களவுள்ள அலுமினியம் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.16 மி.மீ. விரியும். வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரியும். புல்லட்டின் பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே விடப்பட்டிருக்கிற இடைவெளி தலைமயிரின் கனம்தான் இருக்கும். அந்தக் கனத்துக்குள் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரைதான் எல்லாம். ஆறிய பிறகும் விடவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, பிறகு சிலிண்டரை மேலே தூக்க வேண்டியதுதான். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. சிலிண்டர் வெளியே வந்தபின் கிராங்க் சுற்றினால் நோய் மேலே. அப்போதும் சுற்றவில்லை என்றால் நோய் கீழே, கனெக்டிங் ராடின் பிக் எண்டிலோ மெயின் பேரிங்கிலோ. அந்தப் பழைய எஞ்சினில் பிக் எண்டு என்பது உருளை பேரிங் அல்ல, வெள்ளை ஈயம் பூசிய மிதக்கும் புஷ். எண்ணெய் வந்துகொண்டே இருந்தால் லட்சணமாக ஓடும், வரவில்லை என்றால் அந்தப் பூச்சு இளகி, பின்னைப் பிடித்துக்கொள்ளும்.

பிஸ்டன் கைக்கு வந்ததும் அதன் தோலைப் படிக்கிறார்கள். கீறல் பிஸ்டன் பின்னின் இரு பக்கமும் நான்கு மூலைகளிலும் விழுந்திருந்தால் அளவு இறுக்கம், அல்லது புதிதாகப் போர் போட்ட வண்டியை ஆறுதலாக ஓட்டவில்லை. புகைபோகும் பக்கம் மட்டும் உரசியிருந்தால் சூடு. முன்னும் பின்னும் நீளக் கோடுகளாக இழுத்திருந்தால் எண்ணெய் வரவில்லை. தலை உருகிக் குழி விழுந்திருந்தால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது அல்லது டைமிங் முந்தியிருக்கிறது. ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, அதில் மின்னுகிற பொடியின் மேல் ஒரு காந்தத்தைக் காட்டுவார்கள். ஒட்டினால் இரும்பு: பல்லோ பேரிங்கோ ரிங்கோ. ஒட்டாமல் மின்னினால் அலுமினியம் அல்லது வெள்ளை ஈயம். ஒலிபெருக்கிக் காந்தத்தின் உடைந்த துண்டு ஒன்று இதற்கென்றே பல கடைகளில் பெஞ்சோரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை பாதிதான். பிஸ்டன் பிடித்தது தெரிந்துவிட்டது, ஏன் பிடித்தது? பிஸ்டன் இங்கே குற்றவாளி இல்லை, பலியான ஆள். அதை மாற்றிப் புதிது போட்டு அனுப்பிவிட்டால் ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பி வரும். எண்ணெய் ஏன் வரவில்லை? அளவு குறைந்ததா, பம்பு ஓடவில்லையா, வழியில் ஒழுகிப் போயிற்றா? புல்லட்டில் எண்ணெயைக் கொண்டுபோக ஒரு பம்பு, திருப்பிக் கொண்டுவர ஒரு பம்பு. இரண்டையும் ஓட்டுவது கிராங்க் நுனியில் உள்ள வார்ம் நட்டு. அதன் மரை இடது மரை, வலதுபக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் யாரோ எதிர்ப்பக்கம் முறுக்கியிருந்தால் கதை அங்கேயே தொடங்கியிருக்கும். கிராங்குக்குள் எண்ணெய் நுழைகிற வாயில் ஒரு சிறிய கார்க் வளையம் உண்டு. அது நொறுங்கினால் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே வழிந்துவிடும். ஹெட்டுக்குப் போகிற குழாயின் போல்ட்டை இளக்கிப் பார்த்து 'ஆயில் ஏறுது சார்' என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. ராக்கருக்குப் போவது திரும்பி வருகிற பம்பின் எண்ணெய். அங்கே தெரிவதைக் கொண்டு பிக் எண்டு நனைகிறது என்று சொல்லிவிட முடியாது. தலையில் ஈரம் இருக்கிறதே என்று அடிவயிறு காய்வதைக் கவனிக்காமல் விடுகிற வாசிப்பு நம் வரலாற்றெழுத்திலும் உண்டு, அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இத்தாலிய வரலாற்றாளர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் 'தடயங்கள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காது மடலையும் நகத்தையும் பார்த்து ஓவியம் யார் வரைந்தது என்று கண்டுபிடித்த மொரெல்லி, சிகரெட் சாம்பலைப் பார்த்துக் கொலைகாரனைச் சொல்லும் ஷெர்லாக் ஹோம்ஸ், வாய்தவறிய சொல்லிலிருந்து மனதுக்குள் போகும் ஃப்ராய்ட் ஆகிய மூவரையும் அவர் ஒரே கயிற்றில் கட்டுகிறார். அற்பமான தடயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்குப் போகிற இந்த அறிவுமுறை, கணிதத்தை முன்மாதிரியாகக் கொண்ட கலிலியோவின் விஞ்ஞானத்திலிருந்து வேறுபட்டது. அதன் வேர் வேட்டைக்காரனிடம், தடம் பார்க்கிறவனிடம் இருக்கிறது என்பது அவர் வாதம். மெக்கானிக்கை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. நாம் சேர்த்துக்கொள்வதில் தடையொன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் நமக்கு நெருக்கமான பகுதி வேறு. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் நிர்வாகியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், கைரேகை பதிக்கிற வழக்கத்தை உள்ளூர் மக்களிடம் பார்த்தார். அது பிறகு அவர்களையே அடையாளம் கண்டு கட்டுப்படுத்துகிற காலனிய ஆயுதமாயிற்று. எளிய மக்களின் தடய அறிவு மேலே எடுத்துக்கொள்ளப்பட்டு, ஒழுங்குபடுத்தப்பட்டு, அவர்களுக்கு எதிராகவே திரும்பி வருகிறது என்கிறார் கின்ஸ்பர்க்.

மெக்கானிக் கடையில் இந்த அதிகாரம் எப்படிப் புழங்குகிறது? வண்டிக்காரர் எப்போதும் சொல்கிற வாக்கியம்: 'நல்லாத்தான் ஓடிச்சு, திடீர்னு நின்னுடுச்சு.' இரண்டு மாதமாக எண்ணெய் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லமாட்டார். மெக்கானிக்குக்குத் தெரியும், ஆனால் 'நீங்க ஆயில் ஊத்தல சார்' என்று நேரே சொல்கிற இடத்தில் அவர் இல்லை. சார் போலீஸாக இருக்கலாம், மிராசாக இருக்கலாம், பழைய பாக்கி வைத்திருக்கிறவராகவும் இருக்கலாம். போன முறை வண்டியைத் தொட்டது யார் என்று பழி தன் பக்கமே திரும்பலாம். ஆகவே அவர் பேசாமல் பிஸ்டனை நீட்டுகிறார். 'பாருங்க' என்கிறார், அவ்வளவுதான். உலோகம் பேசட்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுக்கிற வழக்கத்தை நாணயத்தின் அடையாளமாக மட்டும் நாம் பார்க்கிறோம். சாட்சியத்தை ஒப்படைக்கிற சடங்கும் அதில் இருக்கிறது. சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் இருக்கிறவன் பொருளைச் சாட்சிக்கு அழைக்கிறான்.

இதற்கு நேர் எதிரான காட்சியை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு புத்தகம் எழுதிற்று. ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' 1974இல் வெளிவந்தது. அதில் கதைசொல்லியின் வண்டி சீஸ் ஆகிறது. கடைக்குக் கொண்டுபோகிறார். ரேடியோ அலறுகிறது. இளைஞர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே சுத்தியலால் அடித்து எஞ்சினைப் பாழாக்குகிறார்கள். கடைசியில் எண்ணெய் போகும் வழியில் அறுந்துபோன, காசு பெறாத ஒரு சின்ன ஊசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவரே கண்டுபிடிக்கிறார். அந்தப் பையன்கள் ஏன் அப்படி? அவர்கள் வேலையில் ஈடுபடாத வெறும் பார்வையாளர்கள், மணி அடித்தால் உதறிவிட்டுப் போகிறவர்கள் என்கிறார் பிர்சிக். காரணத்தைத் தேடி கிரேக்கத் தத்துவம் வரை பின்னால் போகிறார், அகம் - புறம் என்று உலகத்தைப் பிளந்த மேற்கின் சிந்தனை மரபில் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறார். அழகான புத்தகம். ஆனால் சின்ன ஊசியைக் கண்டுபிடித்தவர் அந்தப் பையன்களின் விஷயத்தில் மட்டும் ஊசியைத் தேடவில்லை. பிஸ்டனைப் பார்த்து நின்றுவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

அதே 1974இல்தான் ஹாரி ப்ரேவர்மனின் 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' வந்தது. ப்ரேவர்மன் செம்புத் தொழில் கற்றவர், பட்டறை தெரிந்தவர். அவர் அந்த ஊசியைக் காட்டினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெய்லர் வகுத்த 'விஞ்ஞான மேலாண்மை', யோசிக்கிற வேலையைத் தொழிலாளியிடமிருந்து பிடுங்கி அலுவலகத்தில் வைத்தது. செய்கிற வேலையை மட்டும் அவனிடம் விட்டது. யோசிக்கும் உரிமை பறிபோனவன் அக்கறை இல்லாமல் இருக்கிறான் என்று பிறகு நாம் ஆச்சரியப்படுகிறோம். ஒரே வருஷத்தில் வந்த இரண்டு புத்தகங்களில் ஒன்று லட்சக்கணக்கில் விற்றது, மற்றது இடதுசாரிகளின் அலமாரியில் தங்கியது.

நம்மூர்ப் பட்டறைக்கு ப்ரேவர்மனை அப்படியே பொருத்தவும் முடியாது. இங்கே மாஸ்டரின் கையும் மூளையும் பிரியவில்லை. பிரிவினை வேறு இடத்தில் இருந்தது: வயதில். எட்டு வயது, பத்து வயதுப் பையன் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவான், டீ வாங்குவான், 'பன்னெண்டு பதிமூணு' என்றால் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துத் திருட வேண்டும். மாஸ்டர் பிஸ்டனைத் திருப்பும்போது எந்தப் பக்கம் நெடுநேரம் பார்க்கிறார் என்பதைக் கவனிக்கிறவன் மெக்கானிக் ஆவான், கவனிக்காதவன் கழுவிக்கொண்டே இருப்பான். தப்பு நேர்ந்தால் ஸ்பேனர் தலையில் விழும். நான் மேலே விவரித்த அந்த நுட்பமான வாசிப்புப் பள்ளியின் கட்டணம் இது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2016இல்தான், அதிலும் குடும்பத் தொழிலுக்கு ஓட்டை விட்டு. பெண்களுக்கு அந்தப் பெஞ்சில் இடமே இருந்ததில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கைவேலையின் அறிவைப் புகழ்கிறபோது தமிழ்நாட்டில் நமக்கு ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டமும் கைவேலையைப் புகழ்ந்ததுதான். அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் அதன் பெயரைச் சொல்லி எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி போயிற்று, திட்டமும் போயிற்று. அடுத்த வருஷம் என்ஃபீல்ட் இந்தியா. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் மோட்டார் மெக்கானிக் என்பவன் எந்த அப்பனின் குலத்தொழிலையும் செய்யவில்லை என்பது முக்கியம். அந்தத் தொழிலுக்குப் புராணம் கிடையாது, தெய்வ வம்சாவளி கிடையாது. உழவுக்கூலி வீட்டுப் பையனும், நெசவு நொடித்த வீட்டுப் பையனும், இஸ்லாமியப் பையனும் அந்தப் பெஞ்சுக்கு வர முடிந்தது. 'பாய் கடை' என்பது எத்தனையோ ஊர்களில் மெக்கானிக் கடைக்கு மறுபெயர். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று 18 தொழில்களைப் பட்டியலிட்டபோது கொல்லரும் தச்சரும் குயவரும் அதில் இருந்தார்கள், மோட்டார் மெக்கானிக் இல்லை. மரபின் பட்டியலில் இடம் இல்லாதது ஒரு வகையில் நல்லதுதான். சாதி மரபிலும் சேராமல், பொறியியல் படிப்பிலும் சேராமல், அந்த அறிவு இரண்டுக்கும் வெளியே வளர்ந்தது. மதிப்பு கிடைக்காததற்கும் அதுவே காரணம்.

மொழியிலும் இது தெரிகிறது. பிஸ்டனுக்கு 'உந்துதண்டு' என்று பாடப்புத்தகத்தில் தமிழ் உண்டு. எந்தப் பட்டறையிலும் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. பட்டறைத் தமிழ் வேறு மாதிரி: எஞ்சின் 'கவ்விக்கிச்சு', ரிங்கு 'கட்டிக்கிச்சு', பிக் எண்டு 'அடிக்குது', போர் 'தின்னுடுச்சு'. பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது, வினைச்சொல் எல்லாம் தமிழ். நோயைச் சொல்வது வினைதான். கலைச்சொல் அறிஞர்கள் பெயர்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தபோது தமிழ் ஏற்கெனவே இங்கே வேலை செய்துகொண்டிருந்தது. அளவுகளும் அப்படியே. 1956இல் அரசு மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டது. ஆனால் போர் தேய்ந்த புல்லட்டுக்கு லேத்துக்காரரிடம் இன்றும் 'இருபது சைஸ், நாப்பது சைஸ், அறுபது சைஸ்' என்றுதான் கேட்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அது. அறுபதும் தாண்டினால் ஸ்லீவ் அடிக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை சுருக்கமானது. ஜாவாவிலும் ராஜ்தூத்திலும் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும், லிட்டருக்கு 40, 50 மில்லி. சம்பளம் வருகிற தேதிக்கு முந்தின வாரம் அந்த 50 மில்லி 20 மில்லி ஆகும். மாதக் கடைசியில் சீஸ் அதிகம் என்று கடைக்காரர்கள் சொல்வது இதனால்தான். மைசூர் ஜாவா ஆலை 1996இல் நின்றது, ஆர்எக்ஸ் 100ம் அதே வருஷம் நின்றது. பிறகு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அந்த வகையையே முடித்துவைத்தன.

2008க்குப் பிறகு புல்லட்டும் மாறியது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் போயின. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் வந்ததும் கார்பரேட்டர் போய், எலெக்ட்ரானிக் பெட்டி வந்தது. பழுதை இனி பெட்டியே எண்ணாகச் சொல்லும், அந்த எண்ணைப் படிக்கும் கருவி கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் இருக்கும். தடய அறிவு மேலே எடுத்துக்கொள்ளப்படுகிற கின்ஸ்பர்க்கின் கதை இங்கே மறுபடி நடக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு இந்தியாவில் அரசாங்க மட்டத்தில் எழுந்தது 2022இல்தான். நுகர்வோர் நலத்துறை அதற்கென்று ஒரு குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. உரிமை அங்கே நுகர்வோருடையதாகவே பேசப்பட்டது. பழுதுபார்க்கிறவரின் உரிமை என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்தபோது ஆயிரக்கணக்கான வண்டிகள் சேற்றோடு கிடந்தன. சுவிட்சைப் போட்டு செல்ஃபை அழுத்தியவர்களில் எத்தனையோ பேருக்குக் கனெக்டிங் ராடு வளைந்தது, உள்ளே தண்ணீர் இருந்தது. அடையாறு ஓரத்திலும் முடிச்சூரிலும் சாலையோரத்தில் உட்கார்ந்த மெக்கானிக்குகள் புதுசு பழசு பார்க்காமல் எல்லா வண்டிக்கும் ஒரே காரியத்தை முதலில் செய்தார்கள்: பிளக்கைக் கழற்றினார்கள். எலெக்ட்ரானிக் பெட்டி வந்த பிறகும் அதில் மாற்றமில்லை. கிராங்க் சுற்றினால்தான் அதன் சென்சாருக்குச் செய்தி போகும். பிடித்துக்கொண்ட எஞ்சின் சுற்றாது, பெட்டிக்கு அப்போது சொல்வதற்கு ஒன்றுமிருக்காது. பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியைத்தான் தேட வேண்டும்.